நாசிலை ஊதிய வாய்

1997-இல் மருந்து டேங்க்கை முதன்முதலாக முதுகில் ஏற்றியபோது அக்கின்சோலாவுக்கு மீசைகூட அரும்பவில்லை. இன்று எங்கள் ஊரான இதான்ரேயைச் சுற்றியுள்ள கோகோ தோட்டங்களில் கூலிக்கு மருந்தடிப்பவர்களில் அவர்தான் மூத்தவர். மழை பிடித்தால் காய் கறுக்கும். அதற்கு ஒரு மருந்து. மழை விட்டால் பூச்சி, அதற்கு வேறொன்று. டேங்க்கை இறக்கி மறுபடி நிரப்புகிற நேரம்தான் ஓய்வு.

கிளம்பும்முன் ஒரு கரண்டி சிவப்புப் பாமாயில் குடிப்பார். அது விஷத்தை முறிக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். போன வருடம் வானொலியில் ஒரு பேராசிரியர், பூச்சிமருந்து கொடுத்த எலிகளில் இந்த எண்ணெயையும் தின்றவற்றுக்கு ஈரல் குறைவாகக் கெட்டது, எண்ணெயில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட் சத்துதான் காரணம் என்றார். அன்றிலிருந்து கரண்டி போய் அரை டம்ளர் ஆனது.

கூட மருந்தடிக்கும் கூட்டாளி ஃபத்தூயி கிண்டல் பண்ணாமல் விடமாட்டார். "என்ன அண்ணே, இஞ்சினுக்கு ஆயில் ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு. நீ நேத்துக் குடிச்ச சாராய நாத்தத்தோட கிட்ட வராத."

இந்த ஜூனில் அக்கின்சோலாவின் கண் மஞ்சளானது. சோறு இறங்கவில்லை. மனைவி மொரெனிக்கே மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் நானும் போனேன். எண்ணெய் குடிப்பதையும் வானொலியில் கேட்ட எலிக் கதையையும் அக்கின்சோலா சொன்னார். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மருந்து பீச்சுற குழாய் முனை, அந்த நாசில் அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"வாயில வச்சு ஊதுவேன். எல்லாரும் அப்படித்தான்."

"எந்த எலியும் நாசிலை ஊதல ஐயா. எண்ணெய் தின்ன எலிக்கும் ஈரல் கெட்டுச்சு, கொஞ்சம் கம்மியா, அவ்வளவுதான். உங்க ஈரல் ரொம்ப அடி வாங்கியிருக்கு. இன்னும் விஷம் உள்ள போனா தாங்காது."

"அப்ப எண்ணெயை விட்டுடவா?"

"மருந்தடிக்கிறத விடுங்க."

அக்கின்சோலா வெளியே வந்து சுவரில் சாய்ந்தார். மொரெனிக்கே சொன்னார்: "அபெனி அப்பா, இனி டேங்க்கைத் தொட்டீங்க, நீங்களே பொங்கிக்குங்க."

"இறக்கிட்டு என்னடி பண்றது? எனக்கு வேற என்ன தெரியும்?"

"தூங்கத் தெரியும்ல? தூங்குங்க."

"அதுவே மறந்துபோச்சு" என்றார். சிரிக்கப் பார்த்தார், கொட்டாவிதான் வந்தது.

இரண்டு வாரம் படுத்திருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் ஃபத்தூயி வீட்டுக்குப் போய், விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குகளை அவருடைய டேங்க்கின் வாரில் நூலால் கட்டினார்.

"எதுக்கு அண்ணே?"

"அடைச்சா இதால குத்து. வாயை வச்சே, பல்லைக் கழட்டிடுவேன்."

அக்டோபரில் மறுபடி ரத்தப் பரிசோதனை. அதுவரை தோட்டத்துப் பக்கம் போவதில்லை. மொரெனிக்கேயின் வாழைக்காய்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் தூங்குகிறார்.