சலவைக்கடையின் பின்னறை

எல்லைப் பக்கத்து ஊர்கள் எதிரியின் கைக்குப் போனதும், அம்மாவும் அவளும் உடுத்திய துணியோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அவளுக்குப் பதினைந்து வயது. வழியில் பிரிந்த அப்பா என்ன ஆனாரோ தெரியவில்லை. அன்றிலிருந்து அம்மா வாய் திறப்பதே அபூர்வம். சலவைக்கடைக்காரி தன் கடையின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். வாடகைக்குப் பதில் பெண் இஸ்திரி போட வேண்டும் என்று பேச்சு.

தெருவில் அவர்களுக்கு 'வந்ததுகள்' என்றே பெயர். கடைக்காரியின் மகன் மட்டும் அவளிடம் சகஜமாகப் பேசினான். அவள் தீய்த்த சட்டையைத் தான் தீய்த்ததாகச் சொல்லி, தாயிடம் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். அவனைப் பட்டாளத்துக்கு அழைத்தபோது அவள் அறைக்குள் போய் அழுதாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மழைக்காலத்தில் அவன் இறந்த சேதியைச் சீருடைக்காரர்கள் கொண்டு வந்தார்கள். கடைக்காரி நின்றபடியே கேட்டுக்கொண்டாள். அவர்கள் தெருமுனை திரும்பியபிறகு இஸ்திரி மேசைப் பக்கம் வந்தாள்.

"உங்க ஊர மீட்கத்தான்டி போனான். நீங்க இங்க வந்து உக்காந்துக்கிட்டீங்க. அவன் அங்க மண்ணாயிட்டான்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். சுவர் வழியே கேட்ட அம்மா, பின்னறையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பிவிடலாம் என்றாள். எங்கே என்று கேட்டதற்கு முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

"நமக்குப் போக்கிடம் இல்லம்மா. அவங்க திட்டினா நான் வாங்கிக்கிறேன். மூட்டைய அவிழு."

அம்மாவை அவள் அதட்டியது அதுவே முதல்முறை. அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் சொன்னபடி செய்தாள்.

மறுநாள் கடைக்காரி மாடியிலிருந்து இறங்கவில்லை. அந்தப் பெண் தானே கடையைத் திறந்து, ஆஸ்பத்திரி விரிப்புகளை வெந்நீரில் ஊறப்போட்டாள். துணி போட வந்தவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, அக்கா இல்லையா என்றார்கள். ஒருத்தி துணியைக் கொடுக்காமலே போய்விட்டாள். கடைக்காரிக்காக அவள் மாடிப்படியில் வைத்த சாப்பாடு அன்று அப்படியே இருந்தது. அடுத்த நாள் பாதி காலியாகியிருந்தது.

கடைக்காரி இறங்கி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தாள். சொன்ன சொல்லுக்கு வருந்தவும் இல்லை, வெளியே போ என்று சொல்லவும் இல்லை. உலர்ந்த விரிப்பு ஒன்றை எடுத்தாள்.

"அந்த முனையப் பிடி."

இருவரும் மடிக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு வேலையைத் தவிர வேறு பேச்சு அவர்களுக்குள் இல்லை. போரும் முடிகிற வழியாக இல்லை. அடுத்த மழைக்குள் தெரு அவளை இஸ்திரிக்காரி என்று கூப்பிடப் பழகிவிட்டது. அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.