பின்சீட்டில் ஓடிய கதை

மகன், சென்னையிலிருந்து வந்தவர். வீட்டுச் சொந்தக்காரர். வாடகைக்குப் புத்தகம் விட்டுக்கொண்டிருந்த லால்பேட்டை பாய். சுடுகாட்டு ஆள். அப்புறம் நான், டாக்சி டிரைவர். சிதம்பரத்தில் சாரை எரித்த அன்று நின்றவர்கள் இவ்வளவுதான். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் மாசாமாசம் அவருடைய துப்பறியும் நாவல் தொங்கும். நான் ஒன்றும் படித்ததில்லை. எல்லாம் காதால் கேட்டதுதான்.

சாருக்கு உட்கார்ந்த இடத்தில் கதை வராது. வண்டி ஓட வேண்டும். கடலூர் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம், வேறு வேலை கிடையாது. பின்சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வருவார். டீக்கடையில், "யாருன்னு சொல்லு டிரைவரே" என்பார். நான் சரியாகச் சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். "உனக்கே தெரிஞ்சிபோச்சின்னா ஊருக்கே தெரிஞ்சிபோச்சி." திரும்பும்போது கொலைகாரன் வேறு ஆளாகிவிடுவான். வீட்டுக்குப் போய் அதைத்தான் எழுதுவார்.

சாரின் சம்சாரம், அந்த அம்மா, இறந்துபோனார்கள். நாவல் போட்டவர்களும் நிறுத்திவிட்டார்கள். சார் கதை சொல்வதை நிறுத்தவில்லை. கடைசிக் கதை திருவதிகையில், தேரன்று நடக்கிறது. பூட்டின வீட்டுக்குள் ஒரு வக்கீல் கழுத்தில் கயிறோடு செத்துக் கிடக்கிறார். ஆறு பேர் மேல் சந்தேகம். ஒருநாள் ஆலப்பாக்கம் தாண்டும்போது அந்த வக்கீல் எழுந்து காப்பி கேட்டார்.

"சார், அவுரு செத்துட்டாருல்ல?"

கண்ணாடியில் பார்த்தேன். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடலூரில் டீ வேண்டாம் என்றார்.

"எல்லாம் மறந்துபோறதுக்குள்ள இத முடிச்சிடணும் டிரைவரே. யாருன்னு நான் இன்னும் சொல்லலியே."

அதற்குப் பிறகு தினமும் போனோம். தினமும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கதை பாதியைத் தாண்டவில்லை. அப்புறம் என்னையே யாரென்று கேட்டார். டிரைவர் என்றேன். எங்கே போகணும் என்றார்.

காரியம் முடிந்த அன்று மகன், கடலூரில் மாமனார் வீட்டில் விடச் சொன்னார். அவரும் பின்சீட்டில்தான் உட்கார்ந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் கேட்டார்.

"அப்பா உங்ககிட்ட என்னதாண்ணா பேசுவாரு? என்கிட்ட ஒண்ணும் பேசமாட்டாரு."

கதையைச் சொன்னேன். நான் அவ்வளவு பேசுகிறவன் இல்லை. அவர் ஆறு பேரையும் விரல்விட்டு எண்ணினார்.

"வக்கீலோட தம்பிக்காரன் இல்லண்ணா. அவன் தேர் இழுத்தத ஊரே பாத்துருக்கு."

சமையல்காரருக்கு ஒரு கை வராது, கயிற்றை இறுக்க முடியாது என்று அவரையும் விட்டோம். டாக்டர் அன்று நெல்லிக்குப்பத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இல்லை.

மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. வக்கீல் மனைவியா, குமாஸ்தாவா, மாடியில் குடியிருந்தவரா என்று கேட்டார். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியவர் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

மிச்சம் மூன்று பேர்.