வேலிக்குப் பின்னால் எறிந்த பந்துகள்

மொன்றியலில் பேஸ்போல் அணி இருந்த கடைசிக் காலத்தில் நான் அந்த ஸ்டேடியத்தில் துப்புரவு வேலை செய்தேன். ஆட்டம் நடக்கும்போது எனக்குக் கொடுத்த இடம் மைதானத்து வேலிக்குப் பின்னால். மாற்றுப் பந்தெறிபவர்கள் அங்கேதான் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் எறிகிறவர் களைத்துப்போனால் அங்கே டெலிபோன் அடிக்கும். ஒருவர் எழும்பி, கொஞ்சம் எறிந்து கையைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே போவார்.

இந்த ஒழுங்கு எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிரெஞ்சுப் பேப்பர் வாசிக்கத் தெரியாது, ஒருவரிடம் கேட்கவும் கூச்சம். எனக்குத் தெரிந்தது மட்டக்களப்பில் பார்த்த கிரிக்கெட். அதில் வெளியே இருப்பவன் பன்னிரண்டாவது ஆள், தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பவன். இவர்களையும் விளையாட இடம் கிடைக்காதவர்கள் என்றே நினைத்தேன்.

அவர்களில் ஒருவர்மேல் எனக்கு இரக்கம். டொமினிக்கன்காரர், முப்பது தாண்டியவர். மற்றவர்கள் சூரியகாந்தி விதையைக் கடித்துக் கோதுகளை நிலத்தில் துப்புவார்கள். அவர் மட்டும் ஒரு கடதாசிக் கோப்பையில் சேர்த்து வைத்து, நான் கூட்ட வரும்போது நீட்டுவார். நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. சின்ன அணிகளில் வருடக்கணக்காக பஸ்ஸில் அலைந்தவர், இந்த முறை நிலைக்காவிட்டால் வீட்டுக்குத்தான் என்று, அவர்களுக்குப் பந்து பிடித்துக் கொடுக்கிற கியூபெக்காரர் ஒருநாள் சொன்னார்.

டெலிபோன் அடிக்கும். அவர் எழும்பி எறிவார். பார்க்க வந்த சனம் குறைவு என்பதால், பந்து கையுறையில் விழும் சத்தம் பெரிய கூரையில் மோதித் திரும்பும். பிறகு இன்னொரு டெலிபோன், தேவையில்லை என்று. அவர் திரும்பவும் வாங்கில் இருந்துவிடுவார். ஆட்டம் கைவிட்டுப்போன பிறகு சிலநாள் உள்ளே விட்டார்கள். வெல்லக்கூடிய ஆட்டத்தில் விட்டதில்லை.

என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணைக்கு இது பகிடி.

"என்னடாப்பா, உன்ரை மாப்பிள்ளைக்கு இண்டைக்கும் பந்து குடுக்கேல்லையோ?"

"மறுகா கூப்பிடுவாங்க அண்ணே." பிறகு என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

"மறுகாவாம்! பேந்து எண்டு சொல்லு, மனிசருக்கு விளங்கும். அவன் சும்மா இருந்து சம்பளம் எடுக்கிறான். நீ ஏன் உருகிறாய்?"

உருகத்தான் செய்தேன். மலையில் இருக்கிற பெரிய தேவாலயத்துக்குப் போனபோது, பிள்ளைகளுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அவரைக் கூப்பிட வேண்டும் என்று இன்னொன்றும் கொளுத்தினேன்.

"அது யாருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"வேலையில ஒரு ஆளுக்கு."

அதற்குப் பிறகு டெலிபோன் அடிக்கடி அடித்தது. ஒரே ஆட்டத்தில் எழும்புவார், இருப்பார், திரும்பவும் எழும்புவார். முழங்கையில் ஐஸ் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மணி கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரு பின்னேரம் உண்மையாகவே கூப்பிட்டார்கள். நம் பக்கம் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். அவர் வேலிக் கதவைத் திறந்து மெதுவாக ஓடினார். நான் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரணியின் முதல் ஆள் மட்டையை மூன்று முறை வீசினான், ஒன்றும் படவில்லை, ஆட்டமிழந்து போனான். அண்ணைகூடக் கைதட்டினார். "எடேய், உன்ரை ஆள் விண்ணன்டா!"

அடுத்த ஆளுக்கு எறிந்த பந்து எங்கோ உயரப் போனது. அவர் குனிந்து முழங்கையைப் பிடித்தார். வைத்தியர் ஓடிவந்தார். இருவரும் எதிர்ப் பக்கத்து வாசலால் போனார்கள்.

"ஒரு ஆளுக்குத்தானே எறிந்தார்?" என்று கியூபெக்காரரிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன்.

அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். "இங்கே என்னிடம் எறிந்ததெல்லாம் என்ன? நாள்தவறாமல் எழுப்பினார்கள், இருத்தினார்கள். அவன் ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கைக்கு அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்."

அன்று வீட்டில் அந்த இரண்டாவது மெழுகுதிரியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து அவர் சாமான் எடுக்க வந்தார். வலது கை கட்டுத் துணியில் தொங்கியது, இடது தோளில் பை. ஸ்டேடியத்து உள் நடையில் என்னைக் கண்டதும் நின்றார். மட்டை வீசுவதுபோல் இடது கையால் காட்டி, "முதல் ஆள், பார்த்தாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டினேன். அவர் முகமெல்லாம் சிரித்தது.

எத்தனை நாளாக அந்தக் கை வலித்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குரிய ஆங்கிலம் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவருக்குக் கை ஏலாது என்று வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.