மூன்று வக்கீல் வைத்த மாசாணம்

பொள்ளாச்சியில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் மாசாணத்துக்குக் கண் காது எல்லாம் நன்றாக வேலை செய்யும். 'முடியாது' என்று சொல்கிற உறுப்பு மட்டும் பிறவியிலேயே கிடையாது. கேட்டதற்கெல்லாம் 'ஆகட்டுங்க' என்பார். நடுரோட்டில் படுத்திருக்கும் எருமைக்கு ஹாரன் அடித்துவிட்டால், இறங்கிப் போய் "தொந்தரவு பண்ணிப்போட்டனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். எருமையும் பதில் மரியாதையாக எழுந்து நிற்கும் என்று வேனில் போகும் பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள்.

அந்த மனிதர் மேல் போலீஸ் கேஸ். அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் வேன் ஓட்டி, ஒருவரை இடித்துக் காலை முறித்துவிட்டாராம். 'அதிவேகம்' என்றதும் ஊரே சிரித்தது. ஆனைமலை ரோட்டில் அவர் வேனைத் தேங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஓரங்கட்டிப் போகும். ஒருமுறை சவ ஊர்வலமே முந்திக்கொண்டு போனது.

நடந்தது இதுதான். கொப்பரை வியாபாரி சென்னகிருஷ்ணன் களத்திலிருந்து மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். ஒரு வெள்ளைக் கார் பின்னாலிருந்து அவரைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனோடு வந்த மாசாணம் இறங்கி ஓடி, அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் பக்கத்துக் கடையிலிருந்த சென்னகிருஷ்ணனின் மச்சான் சத்தம் கேட்டுப் பாய்ந்து வந்து, "ஏனுங்க, என்னங்க இது அநியாயம்!" என்று கத்தினார்.

அடிபட்டவரை மடியில் வைத்துக்கொண்டு யாராவது நியாயம் பேசுவார்களா? "தப்பாப் போச்சுங்க, மன்னிச்சுக்குங்க" என்றார் மாசாணம். கூடியிருந்த கூட்டமே கேட்டது. ஓடிப்போன காரின் நம்பர் யாருக்கும் தெரியாது. நம்பர் தெரிந்த வண்டி அங்கே ஒன்றுதான் நின்றது. மச்சான் அதன் மேலேயே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்டேஷனில் "நீதானய்யா இடிச்சே?" என்று கேட்டபோதும், கேட்டவர் முகம் வாடக் கூடாதே என்று "நீங்க சொன்னாச் சரிங்க" என்றிருக்கிறார். குற்றப்பத்திரிகை தயாராகிவிட்டது.

ஊராரின் சிரிப்பு அதோடு நின்றது. தண்டனை விழுந்தால் எந்தப் பள்ளிக்கூடமும் அவரைப் பிள்ளைகளை ஏற்றிப் போக விடாது. ஸ்டியரிங் தவிர அவர் கை வேறெதையும் பிடித்துப் பழகியதில்லை. இப்போதே பள்ளியின் கரஸ்பாண்டென்ட், "கேஸ் முடியட்டும்" என்று வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"நல்ல கிரிமினல் வக்கீலாப் பாருங்க" என்றார் மனைவி செவ்வந்தி.

"ஆகட்டும் அம்மணி."

முதலில் போனது பாலகோபாலிடம். கரஸ்பாண்டென்ட் சொல்லி அனுப்பிய வக்கீல். பாகப்பிரிவினையிலும் பத்திரத்திலும் ஊறியவர். கேஸ் கட்டைத் திறந்ததும் பழக்க தோஷத்தில் சர்வே நம்பரைத் தேடினார்.

"இதெல்லாம் ஒரு கேசுங்களா? குத்தத்த ஒத்துக்குங்க, ஃபைனக் கட்டுங்க, மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்குப் போயிருலாம்."

"ஆகட்டுங்க" என்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். கோர்ட்டு வாசல் டீக்கடையில் வக்கீல் சாமுவேலின் குமாஸ்தா பிடித்து, நேராகச் சாமுவேலிடம் கூட்டிப் போனார். சாமுவேல் கொலைக் கேசுகளுக்குப் பேர்போனவர்.

"இடிபட்ட ஆளு உசுரோடவா இருக்காரு?" என்று கேட்டபோது அவர் குரலில் லேசான வருத்தம் தெரிந்தது. "பரவால்ல. கோர்ட்டுல நீங்க வாயவே தொறக்கக் கூடாது. நான் பேசற பேச்சுல அந்த மொபெட்டே கூண்டுல ஏறி நிக்கும்."

"ஆகட்டுங்க." இன்னொரு வக்காலத்து, இன்னொரு கையெழுத்து.

செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளை பேசிட்டு வந்திருக்கறீங்களே! ஒருத்தர் பேசச் சொல்றாரு, ஒருத்தர் பேசாதங்கறாரு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு பேருக்கும் மனசு நோகாமப் பாத்துக்கலாம்."

செவ்வந்தி வேலை பார்க்கும் நார் மில்லில் ஒரு லாரி டிரைவரை விபத்துக் கேசிலிருந்து மீட்டவர் அஃப்ஷீன். இளம் வக்கீல். செவ்வந்தி கணவரைக் கையோடு அஃப்ஷீனிடம் இழுத்துப் போனார். மூன்று வக்கீல்களில் அவர் ஒருவர்தான், "அன்னைக்கு என்னண்ணா நடந்துச்சு?" என்று கேட்டார். மாசாணம் முதன்முறையாக முழுக்கதையையும் சொன்னார்.

"வேன்ல ஒரு கீறல்கூட இல்லைன்னு வண்டியச் சோதிச்ச ஆபீசரே எழுதியிருக்காரு. நல்ல கேசு. ஆனா, குத்தத்த ஒத்துக்கறீங்களான்னு கோர்ட்டுல நடுவரம்மா கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"அவிய அவ்வளவு தூரம் கேக்கறப்ப…"

"அண்ணா!" என்று மேசையைத் தட்டினார் அஃப்ஷீன். "மொதல்ல அந்த ரெண்டு வக்கீலுகிட்டயும் போயி வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. அதுதான் உங்களுக்கு ஒத்திகை."

ஆளுக்கொரு குலை இளநீரோடு போனவர் சாயங்காலம் திரும்பினார்.

"சொல்லிப்போட்டீங்களா?" என்றார் செவ்வந்தி.

"சொல்லத்தான் போனேன். பாலகோபால் ஐயா பாவம், காபி வாங்கிக் குடுத்தாரு. நம்ம தோட்டத்தப் பாகம் பிரிச்சுத் தாரேன்னாரு. ஆகட்டுங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"நமக்கேதுங்க தோட்டம்?"

"அத எப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றது? சாமுவேல் ஐயா, இனிமே கொல கேசு ஏதாச்சும் வந்தா எங்கிட்டத்தான் வரணும்னாரு. அதுக்கும் ஒத்துக்கிட்டேன்."

"இப்படியே போனா அவருக்கு அந்தக் கேச நானே புடிச்சுக் குடுத்துருவேன்" என்றார் செவ்வந்தி.

விசாரணை நாளன்று 'மாசாணம்' என்று கூப்பிட்டதும் மூன்று கறுப்புக் கோட்டுகள் ஒரே நேரத்தில் எழுந்தன. நடுவரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் மூன்றுதான்.

"ஒடிஞ்சது ஒரு காலுதானே? மாசாணம், உங்க வக்கீல் யாருன்னு நீங்களே சொல்லுங்க."

மாசாணம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாலகோபாலைப் பார்த்தால் காபி ஞாபகம் வந்தது. சாமுவேலைப் பார்த்தால் பயம் வந்தது. கடைசி வரிசையிலிருந்து செவ்வந்தி அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"பாலகோபால் ஐயா நல்லவருங்க. சாமுவேல் ஐயா ரொம்ப ரொம்ப நல்லவருங்க. ஆனா… என்ன நடந்துச்சுன்னு இந்த மேடந்தானுங்க கேட்டாங்க."

இரண்டு கோட்டுகள் உட்கார்ந்தன. இரண்டும் தங்களைப் பாராட்டியதாகவே நினைத்துக்கொண்டன.

"சரி. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

'ஆ' என்று வாய் தானாகத் திறந்துவிட்டது. அஃப்ஷீன் சட்டென்று திரும்பினார். திறந்த வாயை மூடுவதற்குள் மாசாணத்தின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா… நான் இடிக்கலைங்க."

"இடிக்கலைன்னா மன்னிப்பு எதுக்கு?"

"நீங்க கேட்டு நான் இல்லைங்கறனே, அதுக்குங்க."

கோர்ட்டே சிரித்தது. நடுவரம்மா மட்டும் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்த வாய்தாவில் சென்னகிருஷ்ணன் ஊன்றுகோலோடு கூண்டேறினார். அஃப்ஷீன் குறுக்கு விசாரணை செய்தார்.

"இந்த வேன் உங்கள இடிச்சதப் பாத்தீங்களா?"

"பின்னாலிருந்துங்களே, எங்க பாக்கறது? இவருதான் மன்னிப்புக் கேட்டாருங்க."

"ஆஸ்பத்திரிக்கு உங்களக் கொண்டு போனது யாரு?"

"இவருதானுங்க. வேன்ல."

"வழியில ஏதாச்சும் பேசுனாருங்களா?"

சென்னகிருஷ்ணன் ஊன்றுகோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஒவ்வொரு குழியில எறங்கி ஏறும்போதும் மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டே வந்தாருங்க."

"அந்தக் குழியெல்லாம் இவரு வெட்டுனதுங்களா?"

"இல்லீங்க" என்றார் சென்னகிருஷ்ணன். பிறகு மச்சான் உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல், "ஒண்ணுகூட இல்லீங்க" என்றார்.

மாசாணம் விடுதலையானார். கரஸ்பாண்டென்ட் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, "இத்தன நாளாப் பத்திரமா வெச்சுக் காப்பாத்துனீங்களே, ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டார். "அதுக்கென்னப்பா, இருக்கட்டும்" என்று கரஸ்பாண்டென்டும் பெருந்தன்மையாக அந்த நன்றியை ஏற்றுக்கொண்டார்.