நோலீன் கோபத்தில் சொன்னது

எங்கள் ஊரான கார்ட்டர்ட்டனில் நோலீன் பர்விஸைத் தெரியாத வீடு கிடையாது. இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இன்று ஊரில் பண்ணையும் கடையும் நடத்தும் பாதிப்பேர், அவளுடைய ஒரு அதட்டலுக்குப் பயந்து சீட்டில் அடங்கி உட்கார்ந்தவர்கள்தான். கணவன் டெஸ் இறந்த மறுவருடம், வீட்டில் இருந்தால் சுவரோடு பேச வேண்டியிருக்கிறது என்று சொல்லி, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு புதன்கிழமைகளில் மலையேறத் தொடங்கினாள். காலையில் ஏறி மாலைக்குள் வீடு திரும்பும் நடை. நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றதும் அதில் ஒட்டிக்கொண்டேன். பிறகு எட்டுப் பேரானோம். தலைவி அவள்தான். யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, வேறு யாரையும் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

எங்களில் கொலின் டாப்சலுக்கு மட்டும் அவள் சொல் கசக்கும். நாற்பது வருடம் ஆட்டுரோமம் வெட்டும் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன். அவனுக்கு அறுபத்தொன்பது, அவளுக்கு அறுபத்து மூன்று. வழியெல்லாம் இருவரும் வாயடித்துக்கொண்டே வருவார்கள். எங்களுக்கு அது பொழுதுபோக்கு.

அந்த மார்ச் மாதப் புதன்கிழமை ரஃபர்ட்டி உச்சிக்குப் போனோம். காலையில் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. பதினொன்றரைக்குக் காட்டைத் தாண்டி, புல் மட்டும் மண்டிய முகட்டுக்கு வந்தோம். கீழே வைரராப்பா சமவெளி முழுக்கத் தெரிந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நோலீன் மட்டும் வடமேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மலைகளுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு வரி விழுந்திருந்தது.

பன்னிரண்டரைக்கு காற்று ஆளைத் தள்ள ஆரம்பித்தது. உச்சிக்கு இன்னும் இருபது நிமிட நடைதான். நோலீன் நின்றாள். திரும்பலாம் என்றாள்.

"என்ன டிரைவரம்மா, மழைத்துளி விழுறதுக்கு முன்னாடியே பிரேக்கா?" என்றான் கொலின்.

"காத்தைப் பாரு கொலின்."

"காத்தை நான் பொறந்ததுலேர்ந்து பாத்துட்டிருக்கேன். இந்தா தெரியுது உச்சி. நாங்க ஒண்ணும் உன் பஸ்ஸுல வந்த பசங்க இல்ல."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் அவளைச் சுட்டிருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது.

"போறதுன்னா போ. எனக்கென்ன வந்தது," என்றாள்.

அவன் போய்விட்டான். நாங்கள் காட்டின் விளிம்புக்கு இறங்கி, காற்றுப் படாத ஒரு பாறைக்குப் பின்னால் சாண்ட்விச்சைப் பிரித்தோம். பத்து நிமிடத்தில் மேகம் இறங்கியது. எழுந்து நின்றால் இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பின்பு மழை, படுக்கையாக வந்து அறைந்தது. நோலீன் சாப்பிடவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் விசில் ஊதுவதுமாக இருந்தாள். ஒன்றரை ஆனது. இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்றேன்.

"பாத்தாச்சு," என்றாள்.

பையிலிருந்து அவசர சமிக்ஞைக் கருவியை எடுத்து அழுத்தினாள். இந்த மேகத்தில் ஹெலிகாப்டர் வராது, ஆட்கள் நடந்துதான் வர வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெர்னடெட் முன்பு நர்ஸாக இருந்தவள், பதறாதவள். மற்ற நால்வரையும் அழைத்துக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்கு இறங்கி, வருகிறவர்களுக்கு வழி சொல்லும்படி நோலீன் அவளை அனுப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் மேலே போகிறேன், உன்னை வரச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றாள். நான் மழைக்கோட்டின் தலைமூடியை இறுக்கிக் கட்டினேன்.

முகட்டில் நிற்க முடியவில்லை. புல்லைப் பிடித்துக்கொண்டு நான்கு காலில் போனோம். காற்று விட்டுவிட்டு அடித்தது. விடும் நேரம்தான் ஆபத்து, சாய்ந்திருந்த பக்கமே விழுவோம். பாதி வழியில் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. அவள் பூட்ஸைப் பார்த்தபடி ஏறினேன். உச்சிக்குச் சற்றுக் கீழே முகடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நாங்கள் ஏறி வந்தது. இன்னொன்று சிறிது தூரம் நல்ல பாதை போலப் போய், பிறகு செங்குத்தாக ஆற்றுக்கு விழுகிறது.

நோலீன் என் காதருகே வாய் வைத்துக் கத்தினாள். "எதிர்ல வர்ற லாரி வெளிச்சம் கண்ணுல அடிச்சா வண்டி எந்தப் பக்கம் போகும்? எதிர்ப்பக்கம். இறங்கும்போது அவன் மூஞ்சியோட வலப்பக்கம் காத்து அடிச்சிருக்கும். இடதுபக்கம் ஒதுங்கியிருப்பான்."

இறங்கி வருபவனுக்கு இடப்பக்கமான அந்த இன்னொரு கிளையில் இறங்கினோம். முப்பது அடியில் அவனுடைய கையுறை கிடந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி அவன் உட்கார்ந்திருந்தான். அவன் காலடியிலிருந்து நான்கு எட்டில் நிலம் முடிந்துவிட்டது. மழைக்கோட்டைத் திறந்து போட்டு, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க முயன்றுகொண்டிருந்தான். உடம்பில் நடுக்கமே இல்லை. அந்தக் குளிரில் நடுக்கம் நின்றுவிட்டால் ஆள் கைவிட்டுப் போகிறான் என்று அர்த்தம்.

"ஷெட்டுல புழுக்கம் தாங்கல," என்றான் எங்களிடம். "அந்தக் கதவைத் தொறந்து விடுங்கடா."

குளிர் மூளை வரை போய், ரோமம் வெட்டும் பழைய கொட்டகையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். எழுந்து கதவைத் திறக்கப் போனால் நேரே ஆறுதான். நோலீன் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே, பேருந்தில் பேசும் அந்தக் குரலில், "கொலின் டாப்சல், உக்காந்த எடத்தை விட்டு அசையாதே. கயித்துலேர்ந்து கையை எடு," என்றாள்.

கையை எடுத்தான். அவள் பேசிக்கொண்டே மெல்ல அருகில் போய் அவன் பெல்ட்டைப் பிடித்தாள். இருவருமாக இழுத்து ஒரு பாறைக்குப் பின்னால் கொண்டுவந்தோம். அவனுடைய நனைந்த சட்டையைக் கழற்றி என் கம்பளிச் சட்டையைப் போட்டோம். அவள் பையிலிருந்த ஆளுயர ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் உறைக்குள் அவனைத் தள்ளி, அவளும் உள்ளே புகுந்து அவனைக் கட்டிக்கொண்டாள். பிளாஸ்கில் இருந்த இனிப்புத் தேநீரை மூடி மூடியாக ஊட்டினேன். முக்கால் மணி நேரம். அவன் தூங்கப் பார்க்கும்போதெல்லாம் திட்டினாள். கடைசியில் அவன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு உடம்பே உதறத் தொடங்கியது.

"நடுங்கு, நல்லா நடுங்கு," என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தாள்.

இருவருக்கும் நடுவில் அவனை நிறுத்தி, அடி அடியாக இறக்கினோம். காட்டுக்குள் வந்ததும் காற்று நின்றது. ஐந்தரைக்கு மீட்புக் குழுவினர் எதிரே வந்தார்கள்.

கொலின் இரண்டு நாள் மாஸ்டர்ட்டன் மருத்துவமனையில் இருந்தான். ஊர் நோலீனைப் புகழ்ந்தது. பேக்கரியில் அவளுக்குக் கேக் கொடுத்தார்கள், வாங்காமல் வந்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை, யாரும் ஏறுவதற்கு முன், எங்களை நிற்கவைத்துச் சொன்னாள்: தனியாகப் போகாதே என்று சொல்ல வேண்டிய இடத்தில், கோபத்தில் போ என்று சொன்னவள் நான், இனி பெர்னடெட் நடத்தட்டும். எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து கொலின் அவள் வீட்டுக்கு வந்தான். அப்போது நான் அவளுடைய கூரைத் தண்ணீர்க் குழாய் அடைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அடுத்த வாரம் தனக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை என்றும், அதற்குப் பிறகு எந்த உச்சிக்கும் ஏற முடியாது என்று மருத்துவர் அந்த நடைக்கு முன்பே சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னான்.

"நீ வேணாம்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன் நோலீன்."

"தெரியும்," என்றாள். "ஆனா நான் போன்னுதானே சொன்னேன்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

சிகிச்சைக்குப் பின்னும் முழங்கால் சரியாகவில்லை. அவன் தடி ஊன்றித்தான் நடக்கிறான். திங்கட்கிழமைகளில் இருவரும் ஆற்றோரச் சமதளத்தில் மெல்லப் போவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டுதான் போவார்கள்.