சுடாத கால்

என் அண்ணன் உடையப்பனை ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. அதை நினைத்தால் அவருடைய தங்கையான எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

குன்றாண்டார்கோவில் பக்கம் எங்கள் ஊர். மாரியம்மன் பூக்குழியில் முதலில் இறங்கும் உரிமை எங்கள் வீட்டுக்கு. அப்பா மலையாண்டி நெருப்பின் நடுவில் நின்று சிரித்துவிட்டுத்தான் நடப்பார். 'அந்த வீட்டு ஆம்பளைக்கு நெருப்பு சுடாது' என்று பேராகிவிட்டது. 1948இல் கால் கறுத்து அழுகித்தான் செத்தார். ஆத்தா காலை எடுத்துக்கொண்டாள் என்றார்கள். அவர் மூத்திரத்தில் எறும்பு மொய்த்ததை ஒரு வாயும் பேசவில்லை.

அண்ணனுக்கும் நாற்பது வயதில் அதே கதை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், ஆள் பாதியானார். 1957 சித்திரையில் நான்தான் பஸ் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நீல மருந்தில் மூத்திரத்தை விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமானது.

"சர்க்கரை வியாதி. வீட்ல வேற யாருக்காச்சும் இருந்துச்சா? அப்பாவுக்குக் கால்ல புண்ணு கிண்ணு?"

"இல்லீங்க. எங்கப்பாரு பூக்குழி எறங்குன காலுங்க. புண்ணே வந்ததில்ல."

கூசாமல் சொன்னார். நோய் என்று ஒப்புக்கொண்டால் முதல் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடுமாம்! நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? டாக்டர் மருந்தை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

வைகாசியில் அண்ணன் இறங்கினார். அப்பாவைப் போலவே நடுவில் நின்று சிரித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். வீட்டில் கால் கழுவும்போது பார்த்தேன், உள்ளங்காலில் கங்கு ஒன்று பதிந்து கிடந்தது.

"சுடலையாண்ணே?"

"எங்கிட்டுச் சுடுது அமராவதி? ஆறு மாசமா முள்ளுக் குத்துனாக்கூடத் தெரியல. ஆத்தா அம்புட்டுக் காவலா நிக்கிறா."

காவலாம் காவல்! அந்தப் புண் ஆறவே இல்லை. ஆடியில் காலை முழங்காலோடு எடுத்தார்கள். அன்றைக்குத்தான் அப்பா கால் அழுகியதை டாக்டரிடம் சொன்னேன்.

"சர்க்கரைதாம்மா காலை மரத்துப்போக வச்சிருக்கு. அப்பா சங்கதிய அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பவே காலைச் சோதிச்சு, நெருப்புப் பக்கமே விட்டிருக்க மாட்டேனே!" என்று டாக்டர் என்னிடம் கத்தினார். தை பிறப்பதற்குள் அண்ணன் போய்விட்டார்.

அடுத்த வைகாசியில் அவர் மகன் சேவுகனுக்கு மஞ்சள் வேட்டி கட்டினார்கள். இருபத்திரண்டு வயது. வேண்டாம் என்று கத்தினேன், கேட்பாரில்லை. இரண்டு எட்டு வைத்தவன் "ஐயோ" என்று அலறி வெளியே குதித்தான். பங்காளிகள் சிரித்தார்கள். மானம் போச்சே என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "சுட்டுச்சாடா?"

"ரொம்பச் சுட்டுச்சு அத்தை," என்று அழுதான்.

"சுடட்டும்டா! நல்லாச் சுடட்டும்!" என்று ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

மறுநாளே அவனைப் பஸ் ஏற்றினேன். டாக்டர் வாயைத் திறக்குமுன்னே சொன்னேன்: "இவங்கப்பனுக்கும் இருந்துச்சு, எங்கப்பனுக்கும் இருந்துச்சு. எழுதிக்கங்க."