நான் பார்த்துக் கொடுத்த அம்பாசிடர்

காரின் உடம்பில் காந்தம் வைத்துப் பார்க்கும் ஆளைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாகப் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்திருந்தார். பழைய கார்களைத் தேடித் தேடி வாங்குகிறவராம். கைக்குட்டையில் சுற்றிய சின்னக் காந்தத்தைப் பையிலிருந்து எடுத்து, பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்ற அம்பாசிடரின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். முன்பக்க மட்கார்டில் ஒட்டியது. கதவில் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் பிடிப்பு விட்டுக் கையோடு வந்துவிட்டது.

"இங்க பட்டி வச்சுப் பூசியிருக்காங்க சார். அடியில தகரமே இல்ல" என்றார் என்னிடம். எனக்கு வண்டியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஏகாம்பரம் என் நண்பன். ஐப்பசி மழையில் போய்விட்டான். அவன் மனைவி சரோஜா வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றாள். மகன் கார்த்திக்கு மனசில்லை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து, கண்ணாடி வேறு, ஸ்டீயரிங் வேறு, கதவு வேறு என்று விற்கும் ஆட்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறான். அப்பா வண்டிக்கு அந்தக் கதி வந்துவிடுமோ என்று பயம். சரோஜாதான் சமாதானம் சொல்லியிருக்கிறாள்: "வர்ற ஆளு வண்டிய பாக்கட்டும். அந்த ஆள மாமா பாக்கட்டும். மாமா சரின்னா குடுப்போம், இல்லன்னா வேணாம்." அந்த மாமா நான். போனில் கூப்பிட்டபோது சரி என்றேன். ஐப்பசியிலிருந்து யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, ஏகாம்பரம் போனதற்கு நான் அழவில்லை. பாடை கட்டும்போது பக்கத்தில் நின்று கயிறு எடுத்துக் கொடுத்தேன். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினேன். சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, கிள்ளினால் யார் காலையோ கிள்ளுவது போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அப்படித்தான் இருந்தது.

சென்னைக்காரர் வந்ததும் செய்த முதல் வேலை, காய்ச்சல் பார்ப்பது போல பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்ததுதான். முகம் சுருங்கியது.

"காலையில ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"தெனமும் பண்ணுவேன் சார். அப்பா பண்ற மாதிரியே" என்றான் கார்த்தி.

"நான் வர்ற வரைக்கும் பண்ணாதீங்கன்னு சொல்லியிருந்தேனே தம்பி."

சூடாக இருக்கும் என்ஜின் நல்ல பிள்ளை மாதிரி நடந்துகொள்ளுமாம். ஆறிக் கிடக்கும்போது கிளப்பினால்தான் இருமலும் புகையும் வெளியே வருமாம். "ஆறட்டும். அதுவரைக்கும் பாடிய பாக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "என்ஜின் போனா செஞ்சுக்கலாம். தகரம் போனா போனதுதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். தரை விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பார்த்தார். சேஸிஸில் பொறித்திருந்த எண்களை ஈரத்துணியால் துடைத்துப் படித்தார். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் முத்திரையைக் கூட விடவில்லை. எது வண்டியோடு பிறந்தது, எது நடுவில் வந்து சேர்ந்தது என்பதில்தான் விலையே இருக்கிறதாம். பின்கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. பழைய ரெக்சின், கொஞ்சம் பெட்ரோல், சூடம், எப்போதோ காய்ந்துபோன மல்லி. கல்யாணப் பெண்களைப் புடவைக் கடைகளுக்கு ஏற்றி இறக்கிய வண்டி அல்லவா.

ஆனால் நான் முதல் தடவை அந்தக் கதவைத் திறந்தபோது மல்லி வாசனை கிடையாது. அந்துருண்டை வாசனை. அப்போது வண்டி சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் நின்றது. வரதர் கோயிலுக்குப் போகவும் வரவும் மட்டுமே வைத்திருந்தார் அந்தப் பெரியவர். நடந்தே போகிற தூரம்தான், இருந்தாலும் காரில்தான் போவார். கண்பார்வை குறைந்ததும் விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஏகாம்பரம் என்னைத் தேடி வந்தான். அவன் அப்போது யாருடைய வேனையோ ஓட்டிக்கொண்டிருந்தான். கோயில் பார்க்க வருகிறவர்களை ஊரின் மூன்று பெரிய கோயில்களுக்கும் ஏற்றிக்கொண்டு போக, முதலாளி இல்லாத சொந்த வண்டி ஒன்று வேண்டும் என்பதே அவனுக்கு மூச்சாக இருந்தது.

என்னை எதற்குத் தேடி வந்தான் என்று கேட்பீர்கள். நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கவே கடைக்காரரிடம் கொடுக்கிறவன். என் வேலை ஒரு பட்டுக் கடையில் புடவை பார்ப்பது. நெசவாளிகள் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவரும் புடவையை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பிப் போட்டு, கரையும் உடலும் சேரும் கோர்வையை விரலால் தடவி, குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் விரலை வைத்து "இது இன்னா?" என்று கேட்பேன். குறை இல்லையென்றால் பேசமாட்டேன். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் எங்கள் கடையில் இல்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்பார்கள். அடுத்த புடவைக்குக் கூலி ஏற்றிக் கேட்பார்கள் என்பது முதலாளியின் கணக்கு. ஆகவே பேசாமல் மடித்து ஓரமாக வைத்துவிடுவேன். மடித்துவிட்டேன் என்றால் எதிரே நிற்கிறவர் பெருமூச்சு விட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். பிள்ளையார்பாளையம் முழுக்க இது தெரியும். குறை கண்டுபிடிப்பதில் நான் பெரிய ஆள் என்று ஒரு பெயர் வேறு. புடவையில் பார்க்கிறவன் எதிலும் பார்ப்பான் என்று நினைத்து, கறவை மாடு வாங்க, மனை வாங்க, மாப்பிள்ளை பார்க்கக்கூட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். அது வேறு கதை.

அன்றைக்கு ஏகாம்பரத்தின் மாமனாரும் வந்திருந்தார். சரோஜாவின் அப்பா, தறிக்காரர். எத்தனையோ தடவை என் மேஜைக்கு முன்னால் நின்றவர். மருமகன் வேன் ஓட்டுவதே அவருக்குப் பிடிக்காது. சொந்த வண்டி என்றால் ஊர் ஊராகச் சுற்றிக் கெட்டுப்போவான் என்பது அவர் எண்ணம். அவர் தலையசைக்காமல் ஏகாம்பரத்தின் காரியம் நடக்காது. அவர் காரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாருப்பா, பாத்து சொல்லு" என்றான் ஏகாம்பரம்.

எனக்குத் தெரிந்த வழியில் பார்த்தேன். கதவு ஓரத்தைக் கோர்வை மாதிரி விரலால் தடவினேன். விரிப்பைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தேன். பழுப்பாக இருந்தது. துருவா, புழுதியா, வண்டிகளே அப்படித்தான் இருக்குமா என்று தெரியவில்லை. வெயிலில் நின்று நிறத்தைச் சாய்வாகப் பார்த்தேன். நல்ல யானைத் தந்த நிறம், இந்த நிறத்துக்கு அரக்குக் கரை போட்டால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. அதையா சொல்வது? ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றேன். கை சும்மா இருக்கவில்லை. வியர்வை துடைத்த துண்டை நீளவாக்கில் இழுத்து, ஓரம் சேர்த்து, நாலாக மடித்து பானெட்டின் மேல் வைத்தேன்.

மாமனார் பெருமூச்சு விட்டார். "சரி, எடுத்துக்கப்பா" என்றார்.

ஐயோ, இல்லை, எனக்குத் தெரியாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் மாமனாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

முதல் சவாரியிலேயே தாமல் ஏரிக்கரையில் வண்டி நின்றது. பெரிய குடும்பம் ஒன்று, ஆளுக்கொரு தேங்காய்ப் பையோடு இறங்கி வெயிலில் நின்றார்களாம். சாயங்காலம் கடை வாசலில் கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்று, "நீ பாஸ் பண்ண வண்டிப்பா, ஏரியப் பாத்துக்கினே நின்னுடுச்சு" என்றான். அன்றிலிருந்து ரேடியேட்டர் கொதித்தாலும், கியர் மாட்டிக்கொண்டாலும், மழையில் கூரை ஒழுகினாலும் அதே பேச்சுதான். என் மகள் கல்யாணத்தில் மணவறை வரைக்கும் வந்து, "நான் பாஸ் பண்ணலம்மா இந்த மாப்பிள்ளைய, உங்கப்பாதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அசடு வழிவேன். உள்ளுக்குள் உறுத்தும். நான் வாயைத் திறக்காததால் ஒரு மனுஷன் இப்படிப்பட்ட வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறானே என்று அந்த வண்டி நிற்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு உலர்ந்துபோகும். ஆனால் அந்த வண்டியில்தான் சோறு தின்றான், வீடு கட்டினான், கார்த்தியைப் படிக்க வைத்தான். சவாரி எல்லாம் புதுக் கார்களுக்குப் போனபிறகும் காலையில் எழுந்ததும் வண்டியைக் கிளப்பி, சத்தம் கேட்டு, அணைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இவரு பாஸ் பண்ண வண்டி" என்று என்னைக் காட்டுவான். கார்த்தி அதைக் கிண்டல் என்று அறியாமலே வளர்ந்துவிட்டான்.

"ஆறிடுச்சு. பாக்கலாமா?" என்றார் சென்னைக்காரர்.

கார்த்தி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஒருமுறை முனகியது, இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது. பின்னால் வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்து கலைந்தது. சென்னைக்காரர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து சரோஜா வந்தாள். கையில் ஒரே ஒரு டம்ளர் டீ. விருந்தாளிக்கு என்றுதான் நினைத்தேன். வாசற்படியில் வந்ததும் நின்றுவிட்டாள். எங்களைப் பார்த்தாள், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள், அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

கார்த்தி இறங்கி என்னிடம் வந்தான். "இன்னா மாமா?" என்றான், தாழ்ந்த குரலில்.

நான் என்னத்தைச் சொல்ல? காலையிலிருந்து அந்த ஆளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கதவை அறையாமல் மூடினார். பட்டி போட்ட இடத்தைக் குறை சொன்னார், ஆனால் சொல்லிவிட்டுக் கையால் தடவியும் கொடுத்தார். அதே வாயால், இந்தக் கண்ணாடியெல்லாம் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை என்றும் சொன்னார். ஓட்டுகிறவரா, பிரிக்கிறவரா? ஒன்றும் பிடிபடவில்லை. ஏதாவது தோன்றுகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. பேசாமல் நின்றேன். பார்த்தால் கை துண்டை மடித்துக்கொண்டிருக்கிறது.

கார்த்தி பெருமூச்சு விட்டான், தாத்தாவைப் போலவே. போய்ச் சாவியை அவர் கையில் கொடுத்தான்.

மதியத்துக்கு மேல் லாரி கொண்டுவந்து ஏற்றினார்கள். கார்த்தி பைக்கை எடுத்துக்கொண்டு சென்னை ரோடு வரைக்கும் பின்னாலேயே போனான். நானும் சரோஜாவும் கொட்டகை வாசலில் நின்றோம். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: "அந்த ஆளு எப்படின்னு எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. நான் சரின்னு சொல்லல."

"தெரியும்ணா" என்றாள். "நீங்க வந்தா வாயத் தொறக்க மாட்டீங்க. அவன் ஒத்துப்பான். அதுக்குத்தான் வரச்சொன்னேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"தெனமும் காலைல அவன் வண்டிய கெளப்புறான். சத்தம் கேட்டா என் கை தானா டீய ஆத்துது. டம்ளர எடுத்துக்கினு வாசலுக்கு வந்தப்புறம்தான் ஆளு இல்லன்னு ஞாபகம் வருது. தெனமும். அப்பாவ நெனச்சு செய்யறான், அவன்கிட்ட போயி நிறுத்துடான்னு எப்படிணா சொல்றது?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பாவ ஒத்துக்க வைக்க அவரும் அப்படித்தானே உங்கள இட்டுக்கினு போனாரு."

"ஏகாம்பரத்துக்குத் தெரியுமா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு?"

"பின்ன? 'அவனுக்கு வண்டியப் பத்தி ஒரு எழவும் தெரியாது. பேசாம நின்னு எதையாச்சும் மடிப்பான். உங்கப்பன் கவுந்துடுவாரு'ன்னு சொல்லிட்டுத்தான போனாரு."

படுபாவி. எத்தனை வருஷம்! ஒவ்வொரு தடவை வண்டி நின்றபோதும் என் நாக்கை உலர வைத்தானே. உடனே அவனைப் பிடித்து நான்கு வார்த்தை கேட்க வேண்டும் என்று வந்த வேகத்தில் கொட்டகைப் பக்கம் திரும்பிவிட்டேன். அவன் பானெட்டைத் திறந்து குனிந்து நிற்கிற இடம். வெறும் தரை. திட்டுவதற்கு ஆள் இல்லை. அப்போதுதான் மார்புக்குள் எங்கேயோ சுருக்கென்று குத்தியது.

சரோஜா உள்ளே போய் டீ கொண்டுவந்து கொடுத்தாள். கை பழசை மறக்கவில்லை போலிருக்கிறது, ஏகாம்பரத்துக்குப் போடுகிற மாதிரியே பல் கூசுகிற அளவுக்குச் சர்க்கரை. நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். நன்றாக இருந்தது என்று தெரிந்துகொண்டிருப்பாள்.